இலங்கையையும் கென்யாவையும் நீலகிரியில் இருந்து ஒப்பிடுவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கென்யாவில் வேலை கிடைத்திருக்கிறது. கெரிச்சோ என்ற ஊரில், தேயிலைத் தொழிற்சாலையில். செய்தி வந்த அன்று மாலையே அவனுடைய பாட்டி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். மலையகத் தமிழர்களில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவர். "வாத்தியாரே, அந்த ஊர் பூமத்திய ரேகை மேலேயே இருக்கிறதாமே! பிள்ளை வெயிலில் கருகிவிட மாட்டானா? இல்லை, எங்கள் ஹட்டன் மாதிரி இருக்குமா?" என்று கேட்டார்.

பாடப் புத்தகத்தில் இலங்கையும் கென்யாவும் "வெப்ப மண்டல நாடுகள்" என்ற ஒரே பட்டியலில்தான் வருகின்றன. அந்தப் பட்டியலை மட்டும் நம்பினால் பாட்டிக்குத் தவறான பதிலைத்தான் சொல்லியிருப்பேன். சரியான பதிலைத் தேடி நான் நடந்த வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கும் இது உதவும்.

என் முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டை நாட்டோடு ஒப்பிடக் கூடாது, சரிவைச் சரிவோடு ஒப்பிட வேண்டும். மலையில் வாழ்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கூடலூரில் ஆனி, ஆடியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது கோத்தகிரியில் துணி காய்கிறது. ஐப்பசியில் நிலைமை தலைகீழ். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இப்படியென்றால், ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு சராசரி எண்ணைச் சொல்வதில் என்ன பயன் இருக்க முடியும்?

தொடங்கும் முன்: கையில் என்ன இருக்க வேண்டும்

உயரத்தை நிறம் பிரித்துக் காட்டும் இயற்கை வரைபடம் வேண்டும். பள்ளி அட்லஸே போதும். அரசியல் வரைபடம் இந்த வேலைக்கு உதவாது. அடுத்ததாக, ஒவ்வொரு நாட்டிலும் நான்கைந்து ஊர்களின் மாதவாரி மழை அளவும் வெப்பநிலையும். இரு நாடுகளின் வானிலைத் துறைகளும் இவற்றை வெளியிடுகின்றன. ஆண்டு மொத்தத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள், மாதக் கணக்குதான் நமக்கு முக்கியம். பிறகு ஒரு கட்டம் போட்ட நோட்டு. எல்லா எண்களுக்கும் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த உள்ளூர் ஒன்றின் எண்ணையும் எழுதுங்கள். நான் உதகையையும் கோத்தகிரியையும் வைத்துக்கொண்டேன். தெரிந்த ஊர் ஒன்று அளவுகோலாக இல்லாவிட்டால் 2,000 மில்லிமீட்டர் மழை என்பது வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

படி 1: பரப்பையும் அட்சரேகையையும் குறியுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் சரிபாதி. கென்யா ஏறக்குறைய 5,80,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல் நான்கரை மடங்கு. கென்யா தன் அண்டை நாடுகளோடு பகிர்ந்துகொள்ளும் விக்டோரியா ஏரி மட்டுமே சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை அப்படியே தூக்கி வைத்தாலும் அந்த ஏரியின் பரப்பு சற்று மிஞ்சும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஏரி பின்னால் மழைக் கணக்கில் வரப்போகிறது.

இலங்கை முழுவதும் வட அட்சம் 6 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இடையே அடங்கிவிடுகிறது. கென்யாவைப் பூமத்திய ரேகை நடுவில் வெட்டிச் செல்கிறது. உதகை வட அட்சம் 11.4 டிகிரியில் இருக்கிறது. மூன்றும் கடக ரேகைக்குத் தெற்கேதான், மூன்றும் வெப்ப மண்டலம்தான்.

அட்சரேகையால் ஒரு விஷயத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும், பகல் நீளம். உதகையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் உண்டு. கெரிச்சோவில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம். சூரியன் உச்சந்தலைக்கு மேல் வரும் நாளையும் சொல்லலாம். உதகையில் ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வார முடிவிலும் அது நிகழ்கிறது, கெரிச்சோவில் மார்ச், செப்டம்பர் 20களில்.

மழையையும் குளிரையும் பற்றி அட்சரேகை சொல்வது மிகக் குறைவு. இதற்குக் கென்யாவுக்குள்ளேயே சான்று இருக்கிறது. கிழக்கே கரிசா என்று ஒரு நகரம், தென் அட்சம் அரை டிகிரியை ஒட்டி. மேற்கே கெரிச்சோவும் கிட்டத்தட்ட அதே கோட்டில். கரிசாவில் ஆண்டு மழை 350 மி.மீ. அளவில்தான், முள் புதரும் ஒட்டகமும் உள்ள பூமி. கெரிச்சோவில் 2,000 மி.மீ. அளவில் மழை பெய்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை. வரைபடத்தில் ஒரு ஸ்கேலை நேராக வைத்தால் இரண்டு ஊர்களும் அதன் விளிம்பில் உட்கார்ந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: உயரத்தையும் மலையின் வடிவத்தையும் பாருங்கள்

இலங்கையின் வடிவம் எளியது. சுற்றிலும் கடற்கரைச் சமவெளி, தென்நடுவில் மலையகம். உச்சி பிதுருதலாகலை, 2,524 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், இரண்டுக்கும் நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் வித்தியாசம். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது, குன்னூர் உயரம். மலையகத்தின் பாறையும் நீலகிரியின் பாறையும் மிகப் பழைய உருமாறிய பாறைகள். இந்தியாவும் இலங்கையும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் ஒட்டியிருந்த காலத்து உறவு அது. பாட்டி இங்கே வந்து இறங்கியபோது மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து "நம்ம தோட்டத்து மண்தான்" என்று சொன்னாராம். அவர் சொன்னது புவியியலுக்கும் பொருந்துகிறது.

கென்யாவின் கதை வேறு. கிழக்கே கடற்கரையில் தொடங்கி நிலம் மெல்ல மெல்ல ஏறி, நடுவில் பெரும் பீடபூமியாக நிற்கிறது. அந்தப் பீடபூமியை வடக்கு தெற்காக ஒரு பிளவு அறுத்துச் செல்கிறது, அதுதான் ஆப்பிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. கண்டம் விரிந்து கிழிந்துகொண்டிருக்கும் இடம் அது. அந்தக் கிழிசல் வழியே எரிமலைகள் எழுந்தன. கென்யா மலை 5,199 மீட்டர், அணைந்துபோன எரிமலை. பூமத்திய ரேகையை ஒட்டியிருந்தும் அதன் உச்சியில் பனிப்பாறைகள் உண்டு, இப்போது வேகமாகச் சுருங்கி வருகின்றன. கிளிமஞ்சாரோவைக் கென்யாவில் சேர்த்துவிடாதீர்கள். அது தான்சானியாவில் இருக்கிறது. கென்யாவின் அம்போசெலியில் இருந்து பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். தேர்வுத் தாள்களில் நான் அடிக்கடி திருத்தும் பிழை இது.

இனி ஒரு கணக்கு. மலை ஏற ஏற ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியவர்கள் இதை உடம்பாலேயே அறிவார்கள், கல்லாறில் விசிறிக்கொண்டு இருந்தவர்கள் குன்னூரில் சால்வையைத் தேடுவார்கள். இப்போது மூன்று இடங்களில் போட்டுப் பாருங்கள்.

கொழும்பின் ஆண்டுச் சராசரி 27.5 டிகிரி அளவில். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், 12 டிகிரி கழிக்க வேண்டும், 15.5 வருகிறது. உண்மையான சராசரி 16ஐ ஒட்டியே இருக்கிறது. கணக்கு பலித்தது.

கோயம்புத்தூர் 411 மீட்டரில் 27 டிகிரி அளவில். உதகை 2,240 மீட்டர். 12 கழித்தால் 15 வருகிறது. உண்மையில் 14க்கும் 15க்கும் இடையே. இங்கும் பலித்தது.

மொம்பாசா கடற்கரையில் 26.5 டிகிரி அளவில். நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர், கழித்தால் 15 வர வேண்டும். ஆனால் நைரோபியின் சராசரி 18, 19 டிகிரி. இங்கே மட்டும் கணக்கு மூன்று நான்கு டிகிரி தவறுகிறது.

ஏன் தவறுகிறது என்பதுதான் இந்தப் படியின் சாரம். நீலகிரியும் இலங்கை மலையகமும் சமவெளியில் இருந்து சட்டென எழும் சிறிய மலைத் திரள்கள். சுற்றிலும் இருப்பது அந்த உயரத்துக் குளிர்ந்த காற்றுதான். கென்யாவிலோ நிலமே பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு அந்த உயரத்தில் விரிந்து கிடக்கிறது. வெயில் அந்த நிலத்தைச் சூடாக்க, நிலம் தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. பெரிய அடுப்பை மாடியில் வைத்தாலும் அடுப்பு அடுப்புதான். ஆகவே "உதகை உயரம்" என்று கேட்டவுடன் "உதகைக் குளிர்" என்று முடிவுகட்டக் கூடாது. கெரிச்சோவுக்கு உதகையை ஒட்டிய உயரம் உண்டு, குளிரோ ஏறக்குறைய கோத்தகிரி அளவுதான்.

வெப்பநிலையில் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று இடங்களிலும் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. நைரோபியில் மிகக் குளிர்ந்த மாதம் ஜூலை. மேகம் மூடி, வெயில் எட்டிப் பார்க்காத மாதம். உதகையில் டிசம்பரும் ஜனவரியும். பகலில் பளிச்சென்று வெயில், விடியற்காலையில் புல் மேல் உறைபனி. நுவரெலியாவிலும் ஜனவரி, பிப்ரவரியில் சில விடியல்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். மேகம்தான் இரவில் நிலத்துக்குக் கம்பளி, மேகம் இல்லாத இரவில்தான் உறைபனி.

படி 3: எந்தக் காற்று எந்தப் பக்கத்தை அடிக்கிறது என்று பாருங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. அவசரம் வேண்டாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? தெற்கு இந்தியப் பெருங்கடலில் புறப்படும் காற்று மேற்கு நோக்கிப் போய் ஆப்பிரிக்காவை அடைகிறது. அங்கே கிழக்காப்பிரிக்க மேட்டு நிலம் சுவர்போல நிற்கிறது. சுவரில் மோதிய காற்று கென்யக் கரையை ஒட்டிப் பூமத்திய ரேகையைக் கடந்து, வடக்கே சோமாலியப் பக்கம் சீறிப் பாய்ந்து, அரபிக் கடலின் மேல் வலப்புறம் வளைந்து, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து முட்டுகிறது. தரையில் இருந்து ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இந்த வேகக் காற்றோட்டத்தை 1960களில் ஃபின்ட்லேட்டர் என்ற வானிலை ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்து சொன்னார். இன்று சோமாலித் தாழ்நிலைத் தாரைக் காற்று என்று அழைக்கிறார்கள்.

தேவாலாவிலும் பந்தலூரிலும் ஜூலையில் கொட்டும் மழையைக் கொண்டுவரும் காற்று, அதற்குச் சில நாட்கள் முன்பு கென்யக் கரையை உரசிக்கொண்டு வந்தது. இதை முதலில் படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு தூரத்தில் உள்ள ஒரு மலைச் சுவர் இல்லாவிட்டால் நம் மழை இப்படி வந்திருக்காது.

அப்படியானால் கென்யா ஏன் காய்கிறது? காற்று கரைக்கு இணையாக ஓடுவதால்தான். மலையில் நேருக்கு நேர் முட்டி ஏறினால்தான் காற்று குளிர்ந்து மழையாகும். கரை ஓரமாக உரசிக்கொண்டு போகும் காற்று எதையும் பொழிவதில்லை. போதாக்குறைக்கு அந்தப் பலத்த காற்று சோமாலியக் கரையில் கடலின் மேல்நீரைத் தள்ளிவிட, அடியில் இருந்து குளிர்நீர் மேலெழுகிறது; குளிர்ந்த கடலுக்கு மேல் மழை மேகம் எளிதில் கட்டாது. வடகிழக்குப் பருவக் காற்றும் கென்யாவுக்கு உதவுவதில்லை. நமக்கு அது வங்கக் கடலைக் கடந்து ஈரத்தோடு வருகிறது, கென்யாவுக்கு அரேபிய, சோமாலிய வறண்ட நிலப் பக்கமிருந்து உலர்ந்து வருகிறது. பூமத்திய ரேகை ஓடும் நாட்டில் ஏறக்குறைய 80 சதவீத நிலம் வறண்டதாகவும் அரை வறண்டதாகவும் இருப்பதற்கு இவையெல்லாம் சேர்ந்து காரணம்.

இலங்கைக்கு இரண்டு காற்றுமே வாய்த்திருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று. நடுவில் மலையகம் முதுகைக் காட்டி நிற்பதால், தென்மேற்கில் நனையும் பக்கம் வேறு, வடகிழக்கில் நனையும் பக்கம் வேறு. ஹட்டன், வட்டவளைப் பக்கம் தென்மேற்கில் முழுகும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் புறம் உள்ள பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஈரம் இழந்த காற்று இறங்கி வீசும். அதைக் கச்சான் என்று சொல்வார்கள். அந்தக் காய்ந்த காற்றில் இலை சுருங்கி வாசம் கூடுவதால்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் இந்தப் பகுதியின் ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பு.

பாட்டிக்கு இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "பட்டிப்பொலை தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது ஜன்னலெல்லாம் நனைந்திருக்கும். வெளியே ஒகியாப் பக்கம் வந்தால் பளீர் என்று வெயில்" என்றார். ஈரப் பக்கத்துக்கும் ஊவாப் பக்கத்துக்கும் நடுவே உள்ள மலை முகட்டைத்தான் அந்தச் சுரங்கம் துளைத்துச் செல்கிறது. நமக்கு உதகையில் இருந்து கூடலூர் இறங்கும்போது நடுவட்டத்தில் கிடைக்கும் அனுபவம் அது.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது: வரைபடத்தில் மலைகளுக்கு மேல் இரண்டு நிறத்தில் அம்புக்குறி போடுங்கள். அம்பு மலையில் செங்குத்தாக முட்டும் பக்கத்துக்குப் பச்சை, இணையாக ஓடும் பக்கத்துக்கும் மறுபுறம் இறங்கும் பக்கத்துக்கும் பழுப்பு. பிறகு மழை அளவு அட்டவணையைத் திறந்து சரிபாருங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

பொருந்தாத ஓரிடம் வரும், அது கெரிச்சோவேதான். அங்கே மழையைத் தருவதில் விக்டோரியா ஏரிக்குப் பெரிய பங்கு உண்டு. பகலில் நிலம் சூடாக, ஏரியில் இருந்து ஈரக் காற்று மேட்டு நிலத்தை நோக்கி ஏறுகிறது. கிழக்கில் இருந்து வரும் காற்றோடு அது மோதும் இடத்தில் பிற்பகலில் இடியும் மழையும். கெரிச்சோவும் அடுத்துள்ள நந்தி மலையும் உலகிலேயே ஆலங்கட்டி அடிக்கடி விழும் இடங்களில் சேர்ந்தவை. நம் தோட்டங்கள் உறைபனிக்கு அஞ்சுவதுபோல் அங்குள்ளவர்கள் ஆலங்கட்டிக்கு அஞ்சுகிறார்கள்.

படி 4: மாத மழையைக் கட்டம் போட்டு வரையுங்கள்

நோட்டில் பன்னிரண்டு மாதங்கள், ஒரு கட்டத்துக்கு 50 மி.மீ. ஐந்து ஊர்கள் போதும்: கொழும்பு, திருகோணமலை, நைரோபி, கெரிச்சோ, உங்கள் ஊர்.

கொழும்புக்கு இரண்டு திமில் வரும், மே மாதத்தில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, இரண்டும் 300 மி.மீ.க்கு மேல். திருகோணமலைக்கு ஒரே திமில், நவம்பர், டிசம்பரில். நம் ஐப்பசி அடைமழையின் தொடர்ச்சி அது. வரைந்து பார்த்தால் நாகப்பட்டினத்தின் கூடப் பிறந்தது போலிருக்கும். நைரோபிக்கு இரண்டு திமில், ஏப்ரலில் 200 மி.மீ. அளவில் பெரியது, நவம்பரில் சிறியது. ஜூலையில் வெறும் ஈரம்தான். கென்யர்கள் முதலாவதை நீண்ட மழை என்றும் இரண்டாவதைக் குறுகிய மழை என்றும் சொல்கிறார்கள். சுவாஹிலியில் மசிக்கா, வூலி. சூரியன் பூமத்திய ரேகையை இரு முறை கடக்கும்போது மழை மேகங்கள் திரளும் மழைப் பட்டையும் அதன் பின்னாலேயே வந்து போகிறது, அதனால் இரண்டு. கெரிச்சோவில் திமில் என்று பிரிக்கவே முடியாது. ஏப்ரல், மே உச்சம்; ஆனால் முழுக்க வறண்ட மாதம் என்று ஒன்று இல்லை, ஜனவரியை ஒட்டிக் கொஞ்சம் குறையும்.

இலங்கை விவசாயிகள் இந்தத் திமில்களுக்கு ஏற்பவே ஆண்டைப் பிரித்திருக்கிறார்கள். வடகிழக்கு மழையை நம்பிப் பெரும்போகம், தென்மேற்கு மழையை நம்பிச் சிறுபோகம். ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் பெய்யும் தென்மேற்குக் கால்பகுதி ஈர வலயம், 1,750க்குக் குறைவாகப் பெய்யும் வடக்கும் கிழக்கும் உலர் வலயம், இடையில் இடை வலயம். ஒன்றைக் கவனியுங்கள். இலங்கை "உலர்" என்று சொல்லும் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு 1,250 மி.மீ.யை ஒட்டி மழை. கென்யாவின் நைரோபியில் அதைவிடக் குறைவு. கென்யாவின் வடமேற்கில் உள்ள லோட்வாரில் 200 மி.மீ. அளவில்தான். ஆகவே இரு நாட்டு நூல்களிலும் "வறண்ட" என்ற சொல்லைக் கண்டால் எண்ணையும் தேடிப் பாருங்கள். சொல் ஒன்றுதான், அளவு வேறு வேறு.

படி 5: ஆறும் மண்ணும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். இலங்கையில் ஆறுகள் நடுவில் இருந்து நாலா பக்கமும் ஆரக்கால் போல ஓடுகின்றன. நீளமானது மகாவலி, 335 கிலோமீட்டர். ஈர மலையில் பிறந்து உலர் வலயத்தைக் கடந்து திருகோணமலை அருகே கடலில் சேர்கிறது. மலையின் ஈரத்தைக் காய்ந்த சமவெளிக்குக் கொண்டுபோவதுதான் அதன் பெரும் பணி; நம் பவானி ஈரோட்டுக்குச் செய்வதும் அதுவே. கென்யாவின் தானா ஆறும் அப்படித்தான், கென்யா மலை, அபர்டேர் மலைப் பக்கத்து நீரைச் சேர்த்துக்கொண்டு வறண்ட கிழக்கின் ஊடாகக் கடலுக்குப் போகிறது. நாம் ஸ்கேல் வைத்துப் பார்த்த கரிசா அந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. பிளவுப் பள்ளத்தாக்குக்குள் விழும் ஆறுகளோ கடலையே பார்ப்பதில்லை, ஏரிகளில் முடிந்துவிடுகின்றன.

மண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு. கென்ய மேட்டு நிலத்தின் ஆழமான செம்மண் எரிமலைப் பாறையில் இருந்து வந்தது. புவியியல் கணக்கில் அது இளமண். நம் மண்ணும் மலையகத்து மண்ணும் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்து சத்து இழந்த முதுமண். உரம் இல்லாமல் கொழுந்து வராது. அதே எரிமலைச் சூடு கென்யாவுக்கு மின்சாரமும் தருகிறது. பிளவுப் பள்ளத்தாக்கில் ஓல்கரியா என்ற இடத்தில் பூமிக்கடியில் இருந்து வரும் நீராவியில் பெரிய மின் நிலையங்கள் ஓடுகின்றன. இலங்கையும் நீலகிரியும் அருவி நீரை நம்பியவை. பைக்காரா நீர்மின் நிலையம் 1930களிலேயே வந்துவிட்டது.

படி 6: ஆபத்துகளின் நாட்காட்டியை எழுதுங்கள்

மலையில் வாழ்கிறவர் இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது.

புயலில் இருந்து தொடங்குங்கள். புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி விசை தேவை. பூமத்திய ரேகையில் அது இல்லை, ஐந்து டிகிரிக்குள் மிகக் குறைவு. அதனால் கென்யா பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. இலங்கை அப்படியல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடக்கைக் கடந்துதான் வந்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புயல் சிதைத்தது.

அடுத்தது நிலச்சரிவு. மூன்று தேதிகளை என் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். 2009 நவம்பர், நீலகிரி: குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2014 அக்டோபர் 29, இலங்கை: பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. 2019 நவம்பர் 23, கென்யா: மேற்குப் போகோட் மலைச் சரிவில் இரவோடு இரவாக வீடுகள் புதைந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மூன்றும் ஐப்பசி, கார்த்திகை. மழைப் பட்டை பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே திரும்பும் காலம் அது. ஏற்கெனவே ஊறிய மண்ணின் மேல் மீண்டும் கொட்டும்போது சரிவு தாங்காது. தென்மேற்கு மழைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. உதகைக்கு ஓர் ஆண்டில் கிடைப்பதே 1,200 மி.மீ. அளவுதான்.

வறட்சி கென்யாவின் பெருந்துயரம். 2020 இறுதியில் தொடங்கி 2022 முடியும் வரை ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. வடக்கிலும் கிழக்கிலும் கால்நடைகள் லட்சக்கணக்கில் மடிந்தன. பிறகு 2024 மார்ச் முதல் மே வரை நேர் எதிராக வெள்ளம். இப்படி மாறி மாறி வருவதற்குக் கடலும் ஒரு காரணம். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாகி, கிழக்குப் பக்கம் குளிர்ந்தால், கென்யாவின் குறுகிய மழை பெருமழையாகும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வற்றும். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று சொல்லப்படும் இந்த ஊசலை 1999இல் சாஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். 1997லும் 2019லும் அது கென்யப் பக்கம் பலமாகச் சாய்ந்தது, இரண்டு ஆண்டுகளிலும் அங்கே வெள்ளம். செப்டம்பர் வந்தால் வானிலைச் செய்திகளில் இருமுனையின் நிலை என்னவென்று பாருங்கள். கென்யாவில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது தேவையான செய்தி.

படி 7: சரிவைச் சரிவோடு சேருங்கள்

இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜோடி போடலாம். நான் போட்டது இது.

ஹட்டன், வட்டவளைக்கு இணை தேவாலா, பந்தலூர்: மேற்குப் பார்த்த சரிவு, தென்மேற்கு மழை, ஆனி ஆடியில் அட்டைக் கடியும் மூடுபனியும். உயரமும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டரைச் சுற்றித்தான். பதுளை, பண்டாரவளைக்கு இணை கோத்தகிரி, குன்னூர்: கிழக்குப் பார்த்த சரிவு, ஐப்பசிக்குப் பிறகு மழை, ஜூலையில் காய்ந்த காற்று. நுவரெலியாவுக்கு இணை உதகை; ஆனால் நுவரெலியாவில் மழை அதிகம், சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடுதல். மொம்பாசாவைக் கொழும்போடு சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். சூடு ஒன்றுதான், மழை கொழும்பில் பாதிகூட இல்லை. ஆண்டு மழையை வைத்தால் மொம்பாசாவுக்கு அம்பாந்தோட்டைதான் பொருந்தும்.

கெரிச்சோவுக்கு முழு இணை எங்கும் கிடைக்கவில்லை. ஒட்டுப்போட்டுத்தான் எழுத முடிந்தது: உதகையின் உயரம், கோத்தகிரியின் குளிர், கூடலூரின் மழையை எடுத்து ஆண்டு முழுவதும் பரப்பியது போன்ற மழை, பிற்பகல் இடி, ஆலங்கட்டி, ஏறக்குறைய உறைபனி இல்லாத விடியல். இணை கிடைக்காத ஊர் வந்தால் வலிந்து சேர்க்க வேண்டாம். எந்த அம்சத்தை எந்த ஊரில் இருந்து எடுத்தீர்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுபோய்ப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் ஹட்டனும் இல்லை, கருகிப் போகவும் மாட்டான்" என்றார். பிறகு என்றைக்குப் புறப்படுகிறான் என்று பேரனைக் கேட்டார். ஜூலை முதல் வாரம் என்றான். கென்ய மேட்டு நிலத்தில் அதுதான் குளிர்ந்த மாதம் என்று நான் சொல்வதற்குள், மார்கழிக்கு என்று மடித்து வைத்திருந்த கம்பளி ஸ்வெட்டரை எடுக்க அவர் உள்ளே போய்விட்டார்.